வீங்கிய கன்னத்து நரி

“பதினொண்ணு” என்று கூப்பிடும்போது டோக்கன் அக்கா தலையை நிமிர்த்துவதில்லை. பதினோராம் நம்பர்க்காரர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கண்ணாடிக் கதவை நோக்கி நாலடி நடந்த பிறகுதான் ஓரக்கண்ணால் ஒரு பார்வை. மேஜைக்கு அடியில், மடிமேல் இருக்கும் கைகள் மட்டும் நிற்பதே இல்லை. வலது கையில் குரோஷா ஊசி, இடது ஆள்காட்டி விரலில் சுற்றிய உல்லன் நூல். ஊசியின் கொக்கி கண்ணிக்குள் நுழைந்து, நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வருகிறது, மறுபடி நுழைகிறது. அந்த ஆள் உள்ளே போய் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறப்பதற்குள் இங்கே அவருடைய காது தயாராகிவிடும்.

காது என்றால் முயல் காது. ஆள் கொஞ்சம் பருமனாக இருந்தால் கரடிக் காது.

அக்காவுக்கு வேலை ஒரு பல் ஆஸ்பத்திரியின் முன்னறையில். வருகிறவர்களுக்கு நம்பர் போட்ட பிளாஸ்டிக் வில்லையைக் கொடுக்க வேண்டும், முறைப்படி உள்ளே அனுப்ப வேண்டும், “இன்னும் எவ்வளவு நேரமாகும்?” என்று கேட்பவர்களிடம் “இதோ ஆச்சு” என்று சொல்ல வேண்டும். அவரைவிட வயதில் பெரியவர்களும் ‘டோக்கன் அக்கா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். டாக்டரும் அப்படியே. டாக்டரின் மாமனார் பல் செட் மாட்டிக்கொள்ள வந்தபோது, “அக்கா, என் நம்பர் எப்பம்மா வரும்?” என்று ஒரே மூச்சில் அவரை அக்காவும் ஆக்கி அம்மாவும் ஆக்கிவிட்டார்.

கதவுக்குப் பக்கத்தில் ஒரு பிரம்புக் கூடை இருக்கிறது. அடம்பிடிக்காமல் வாயைத் திறந்த குழந்தைகள் அதிலிருந்து ஒரு பொம்மை எடுத்துக்கொண்டு போகலாம். இந்த ஏற்பாடு ஒரு கடியில் ஆரம்பித்தது. ஒரு சின்னப் பெண் டாக்டரின் விரலைக் கவ்விக்கொண்டு விடவே இல்லை. டாக்டர் ‘ஐயோ’ என்று கத்தக்கூட முடியாமல் நின்றார். கத்தினால் அடுத்த ஆள் எழுந்து ஓடிவிடுவார். அக்கா சாவகாசமாக உள்ளே போய், பாதி பின்னிய கரடியைக் குழந்தையின் முகத்துக்கு நேரே ஆட்டினார். “இதுக்குக் கால் எங்கே?” என்று கேட்க அந்தப் பெண் வாயைத் திறந்தாள். விரல் விடுதலையானது. அன்றிலிருந்து வேலை நேரத்தில் ஊசி எடுப்பதை டாக்டர் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அக்கா பின்னுவதெல்லாம் காட்டு மிருகங்கள். அணில், மான், கரடி, முயல், ஆந்தை, முள்ளெலி. நாய், பூனை, ஆடு, மாடு பக்கம் ஊசி போகாது. காரணம் கேட்டால், “வீட்டு மிருகமெல்லாம் எதுக்கு? வீட்ல இருக்கிறது போதாதா?” என்பார். இதைக் கேட்டு அவர் வீட்டுக்காரர் ஒவ்வொரு முறையும் விழுந்து விழுந்து சிரிக்கிறார். பள்ளிக்கூட வேன் ஓட்டும் நல்ல மனிதர். வீட்டுப் பூனையைத்தான் சொல்கிறாள் என்பது அவருடைய நம்பிக்கை.

இதற்குள் இருக்கும் விஷமம் வெளியாட்களுக்குத் தெரியாது. கூடையில் இருக்கும் ஒவ்வொரு மிருகமும் ஓர் ஆள். பேனா மூடியைக் கடித்துக்கொண்டே இருக்கும் நர்ஸ் முயலாகிவிட்டாள். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லும் மருந்து கம்பெனிக்காரர் கழுத்தில் டை கட்டிய மரங்கொத்தி. எப்போது வந்தாலும் யாரையாவது குத்திவிட்டுப் போகும் கட்டிடச் சொந்தக்காரர் முள்ளெலி. டாக்டரே ஆந்தையாக ஒரு வருஷம் கூடையில் உட்கார்ந்திருந்தார். உருண்டைக் கண்ணாடி, உடம்பை அசைக்காமல் கழுத்தை மட்டும் திருப்பிப் பார்க்கும் அதே கம்பீரம். டாக்டர் ஒருநாள் அதைக் கையில் எடுத்து, “இந்த ஆந்தை முகத்துல ஒரு அறிவு தெரியுது பாருங்க, யாருக்கும் கொடுத்துடாதீங்க” என்று தன் அறைக்கே கொண்டுபோய்விட்டார். நர்ஸுக்கு இருமல் வந்தது. அக்கா இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

வாயைப் பொத்திக்கொள்வது அக்காவின் பழக்கம். சிரிப்பு வந்தால் இடது கை தானாக எழும்பி வாய்மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். விரலில் சுற்றிய நூலோடு போவதால் மடியில் இருக்கும் பந்து உருண்டு கீழே விழும். ‘என்ன அடக்கமான பெண்’ என்று வீட்டுக்காரரின் சொந்தபந்தம் மொத்தமும் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்திருக்கிறது. அடக்கத்துக்கும் அவருக்கும் எவ்வளவு தூரம் என்பது அந்தக் கூடைக்குத்தான் வெளிச்சம். உள்ளபடி சொன்னால், மேல்வரிசையில் ஒரு பல் மற்றவற்றோடு கோபித்துக்கொண்டு முன்னால் வந்து நிற்கிறது. டாக்டர் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டார்: “அக்கா, ஒரு கிளிப் போட்டா சரியாயிடும். நம்ம ஆஸ்பத்திரிதானே?” அக்காவின் பதில் மாறாது: “ஆகட்டும் டாக்டர். இன்னைக்குக் கூட்டம் அதிகம்.”

பல் ஆஸ்பத்திரியில் இத்தனை வருஷம் இருந்தும் அந்த நாற்காலியில் உட்காராத ஒரே ஆள் அவர்தான்.

இந்த மாதிரி பொம்மை பின்னுகிறவர்கள் எல்லோரும் தலையை முழுசாகப் பின்னி, கண்ணை இங்கே வைக்கலாமா அங்கே வைக்கலாமா என்று நாலு தடவை வைத்துப் பார்த்து, கடைசியில்தான் மாட்டுவார்கள். கண் என்பது கறுப்புப் பிளாஸ்டிக் மணி. பின்னால் ஒரு காம்பு. காம்பைப் பின்னலுக்குள் குத்தி, உள்பக்கம் ஒரு வாஷரை அழுத்தினால் ‘டக்’ என்று பூட்டிக்கொள்ளும். அதன் பிறகு யார் வந்து கெஞ்சினாலும் கழலாது. பின்னலைக் கத்தரித்தால்தான் உண்டு. அக்காவோ தலை பாதி வளர்ந்ததுமே கண்ணைப் பூட்டிவிடுகிறார். “கோவம் சூடா இருக்கும்போதே கண்ணை மாட்டிடணும். ஆறிடுச்சுன்னா முகம் வராது” என்பது அவர் கொள்கை. ஒரு கண்ணி தள்ளி வைத்தால் அப்பாவி, ஒரு கண்ணி நெருக்கி வைத்தால் தந்திரக்காரன், ஒரு வரிசை மேலே ஏற்றினால் தலைக்கனம். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் கண் எங்கே என்று முடிவாகிவிடும். இதுவரை எதற்கும் அவர் வருத்தப்பட்டதில்லை, அந்த நரி வரும்வரை.

அன்று ஒரு அம்மாள் வந்தார். கூர்மையான முகவாய், ஒரு புருவம் மட்டும் எப்போதும் தூக்கலாக, கழுத்தில் சங்கிலியில் தொங்கும் கண்ணாடி. வலது கன்னம் வீங்கி, மேலே மடித்த கைக்குட்டை. வில்லையைப் பார்த்ததும், “இத்தனை பேருக்கு அப்புறமா?” என்றார்.

“முறைப்படிதாம்மா.”

“என் பல்லு உங்க முறையப் பார்த்து வலிக்கலை.”

“இங்க எல்லாருக்கும் வலிதாம்மா. ஊர் சுத்திப் பார்க்க யாரும் வரலை.”

அந்த அம்மாள் தூக்கிய புருவத்தை இன்னும் கொஞ்சம் தூக்கினார். மேஜைக்கு அடியில் எட்டிப் பார்த்தார். “கண்ணு ஒரு பக்கம், கை ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். நீங்க வண்டி ஓட்டியிருந்தா நான் அங்கேயே இறக்கி விட்டிருப்பேன்.”

அக்கா ஆரஞ்சு நூலை எடுத்தார். அழுதுகொண்டிருந்த ஒரு குழந்தையை அந்த அம்மாளுக்கு முன்னால் உள்ளே விட்டார், அது நியாயம். அப்புறம் அழாத மூன்று பேரையும் முன்னால் விட்டார். அது கைவேலைக்கு நேரம் வேண்டும் என்பதற்காக. அம்மாளின் முறை வருவதற்குள் நரியின் தலை பாதிக்கு மேல் வளர்ந்து, கண்கள் நெருக்கமாக, ஒரு வரிசை மேலே, டக், டக் என்று பூட்டியாகிவிட்டது.

பிறகு அது தானாக வளர்ந்தது. ஒற்றைப் புருவம் கறுப்பு நூலில். கழுத்தில் பொன்னிற நூலில் கண்ணாடிச் சங்கிலி. பஞ்சு அடைக்கும்போது வலது கன்னத்தில் மட்டும் இரண்டு பிடி கூடுதல். கூடையில் போட மனமில்லாமல் வீட்டுக்குக் கொண்டுபோய் டிவிக்கு மேலே உட்காரவைத்தார். அத்தனை அழகான நரி அதுவரை அவர் கையில் வந்ததில்லை.

வேன்காரருக்கு அது ஆகவில்லை. “இந்த மூஞ்சிய நான் எங்கயோ பார்த்திருக்கேன். எங்கன்னுதான் தெரியலை. அது பார்க்கும்போது எனக்குக் கையெல்லாம் வேர்க்குது” என்று நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

அவர்களுக்கு ஒரே மகன். லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. ஊரில் எத்தனையோ கட்டிடங்கள் இருக்க, ஒரு கட்டிடத்து லிஃப்ட் மட்டும் வாரா வாரம் கெட்டுப்போனது. அந்தக் கட்டிடத்தின் வரவேற்பு மேஜையில் உட்காரும் பெண்ணைப் பற்றி அவன் வீட்டில் சொன்ன அன்று, லிஃப்ட் ஏன் கெட்டது என்று எல்லோருக்கும் விளங்கியது. பெண்ணின் அப்பா அம்மா ஞாயிற்றுக்கிழமை பேச வருகிறார்களாம்.

“அவங்க அம்மாவுக்குப் பிடிச்சாதான் நடக்கும். கொஞ்சம் கறாரானவங்க” என்றான் மகன். “லைசென்ஸ் ஆபீஸ்ல டிரைவிங் டெஸ்ட் எடுக்கிறவங்க.”

வேன்காரர் டீயைக் கீழே வைத்தார். “டெஸ்ட் அம்மாவா? டேய், அந்தம்மா என்னை ரெண்டு தடவை ஃபெயில் பண்ணினாங்கடா. கண்ணாடியில பின்னாடி வர்ற வண்டியப் பார்க்கலை, மீசையப் பார்த்தேன்னு சொல்லிட்டாங்க.”

“மீசையத்தானே பார்த்தீங்க?” என்றார் அக்கா.

“அது அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “வரட்டும்ங்க. எங்க டாக்டர்கிட்ட வந்தா எந்தப் புலியும் வாயைத் திறந்துதான் ஆகணும். நான் பார்த்துக்கிறேன்.”

ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஆட்டோ நின்றது. அக்கா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். முதலில் ஒரு முகவாய் இறங்கியது. பிறகு ஒரு புருவம். வீக்கம் வற்றியிருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அக்கா பாய்ந்துபோய் டிவிமேல் இருந்த நரியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். அதை அலமாரிக்குள் போட்டுப் பூட்டியிருக்கலாம். பதட்டத்தில் யாருக்குத் தோன்றுகிறது?

வேன்காரர் வந்தவர்களை வாங்க வாங்க என்று சொல்லிவிட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கை தானாகத் தோளுக்குப் போய் சீட் பெல்ட்டைத் தேடியது. பெண்ணின் அப்பா எதற்கும் தலையாட்டுகிற மனிதர். நாற்காலியைப் பார்த்தும் தலையாட்டினார். டெஸ்ட் அம்மாவும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“உங்களை…” என்றார் டெஸ்ட் அம்மா.

“பல் ஆஸ்பத்திரி” என்றார் அக்கா.

“ஓ. முறைப்படி.”

“ஆமாங்க.”

அதோடு அது போயிருக்கும். இரண்டு பேருமே அதை விட்டுவிடத் தயாராக இருந்தார்கள். டீ வந்தது, பிஸ்கட் வந்தது, மழை வருமா என்ற பேச்சு வந்தது. அப்போதுதான் மகனுக்குப் பெருமை பொங்கியது. “எங்க அம்மா பொம்மையெல்லாம் பிரமாதமா பின்னுவாங்க. இதோ பாருங்க… என்னம்மா, நரியத் திருப்பி வச்சிருக்கீங்க?” என்று, தன் தலையில் தானே மண்ணைப் போடுகிறோம் என்று தெரியாமல், அதை எடுத்து நடு மேஜையில் டெஸ்ட் அம்மாவுக்கு நேர் எதிரே வைத்தான்.

டெஸ்ட் அம்மா கழுத்துச் சங்கிலியில் இருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். நரியின் கழுத்திலும் சங்கிலி இருந்தது. அவர்களோடு கூட வந்திருந்த பெண்ணுக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. வேன்காரர் நரியைப் பார்த்தார், டெஸ்ட் அம்மாவைப் பார்த்தார், மறுபடி நரியைப் பார்த்தார். கை வேர்த்த காரணம் அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

“கன்னம்கூட அப்படியே…” என்று ஆரம்பித்த பெண்ணின் அப்பா, மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, “அழகா இருக்கு” என்று முடித்தார்.

டெஸ்ட் அம்மா ஒரு விரலால் நரியின் வலது கன்னத்தை அழுத்திப் பார்த்தார். “இந்தப் பக்கம்தான் வீங்கியிருந்துச்சு.”

“ஆமாங்க” என்றார் அக்கா.

“நாலு பேரை எனக்கு முன்னாடி விட்டீங்க.”

“அதுல ஒரு குழந்தை அழுதுச்சுங்க.”

“மத்த மூணு பேர்?”

“அழலைங்க.”

மகனுக்கு இப்போதுதான் விஷயம் உறைத்தது. பிஸ்கட்டைக் கடித்த வாயோடு அப்படியே நின்றான்.

“எல்லாரையும் இப்படித்தான் பின்னுவீங்களா?” டெஸ்ட் அம்மாவின் குரலில் கோபம் இருந்ததா, இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தக் குரலைக் கேட்டுத்தான் எத்தனையோ பேர் பிரேக்குக்குப் பதிலாக ஆக்ஸிலரேட்டரை மிதித்திருக்கிறார்கள்.

“ஏதோ… பொழுதுபோக்கா…”

“உங்களை எதுவா பின்னியிருக்கீங்க?”

“என்னையா?” அக்கா திருதிருவென்று விழித்தார். “என்னைப் பின்னினதில்லைங்க.”

“சரி. இந்த நரிய நான் எடுத்துட்டுப் போறேன். துணைக்கு உங்களைப் பின்னி அனுப்புங்க. என்னைப் பின்னின அதே கையால பின்னணும். அதைப் பார்த்துட்டுத்தான் மத்த பேச்சு.” எழுந்து நரியைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். செருப்பு மாட்டும்போது திரும்பிப் பார்த்து, “டெஸ்ட்ல யாராவது ஏமாத்தினா எனக்கு உடனே தெரிஞ்சிடும்” என்றார். வேன்காரர் ஆமாம் என்று தலையாட்டினார்.

இது பெரிய காரியமா என்றுதான் அக்கா முதலில் நினைத்தார். மறுநாளே பின்னினார். மான். நீண்ட கழுத்து, பெரிய கண்கள், மேலே வளைந்த இமைகள். வீட்டுக்காரரிடம் காட்டினார்.

“நல்லாயிருக்கே. யாரு இது?”

“நான்தான்.”

வேன்காரர் திறந்த வாயை மூடிக்கொண்டார். “வேனுக்கு டீசல் போடணும்” என்று செருப்பைத் தேடினார். டீசல் முந்தின நாள்தான் போட்டிருந்தார்.

அடுத்தது அணில். சுறுசுறுப்புக்கு அணில்தானே? நர்ஸ் அதைக் கையில் வாங்கி, பேனா மூடியைக் கடித்தபடி யோசித்து, “டாக்டரோட மருமகளா அக்கா? அவங்களுக்கு மூக்கு இன்னும் கொஞ்சம் பெரிசு” என்றாள். அதற்கடுத்தது ஒரு முயல், இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு. மகன் அதை வெகுநேரம் பார்த்தான்.

“அம்மா, இதை அனுப்பினா என் கல்யாணம் இந்த ஜென்மத்துல நடக்காது” என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டான்.

கண் பூட்டியாகிவிட்டதால் மூன்றையும் பிரித்து மறுபடி பின்ன வழியில்லை. மான், அணில், முயல் மூன்றும் ஆஸ்பத்திரி மேஜையின் இழுப்பறைக்குள் கிடந்தன. வில்லை எடுக்கத் திறக்கும்போதெல்லாம் மூன்றும் ஒன்றாக அண்ணாந்து பார்த்தன. அக்காவுக்குப் பயம் வந்தது. ஊர்க்காரர்களின் மூக்கையும் கன்னத்தையும் வைத்து விளையாடியதற்கு இப்படி ஒரு வட்டி வரும், அதைப் பெற்ற பிள்ளை கட்டுவான் என்று அவர் கனவில்கூட நினைத்ததில்லை. லிஃப்ட்காரப் பையன் இப்போதெல்லாம் போன வேலையை ஒரே தடவையில் சரியாக முடித்துவிட்டு வந்துவிடுகிறான். அந்தக் கட்டிடத்து லிஃப்ட் கெட்டே பல நாளாயிற்று. வீட்டில் இதைவிடப் பெரிய துக்கம் வேண்டுமா?

“டாக்டர், நான் எந்த மிருகம் மாதிரி இருக்கேன்?” என்று கேட்டுப் பார்த்தார். டாக்டர் ஒரு எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபடியே, “கூட்டம் கம்மியா இருக்கும்போது லீவு எடுத்துக்கோங்க அக்கா” என்றார்.

கடைசியில் வீட்டுக்காரரையே மடக்கினார். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், கையைக் கழுவாமல் ஓட முடியாது.

“நெஜமா சொல்லவா? கோவிச்சுக்க மாட்டியே?”

“சொல்லுங்க.”

வேன்காரர் முதலில் தட்டோடு கைக்கெட்டாத தூரத்துக்கு நகர்ந்தார். “நரி.”

“நரி அந்தம்மாங்க.”

“ஏன், ஒரு காட்டுல ஒரு நரிதான் இருக்குமா?”

அக்கா வாயைப் பொத்திக்கொள்ளக்கூட மறந்துவிட்டார். இத்தனை வருஷம் இந்த மனிதர் பூனையை நினைத்துத்தான் சிரித்தாரா என்று முதல்முறையாகச் சந்தேகம் வந்தது.

மறுநாள் கூட்டம் ஓய்ந்த பகல் வேளையில், டாக்டரின் வாய்க்குள் பார்க்கும் கண்ணாடியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து மேஜையில் உட்கார்ந்தார். நீளக் கம்பியின் நுனியில் சின்ன வட்டம். அதில் முகம் முழுசாகத் தெரியாது, ஒரு நேரத்துக்கு ஓர் இடம்தான் தெரியும். ஒரு கண்ணைப் பார்த்தார். பிறகு இன்னொன்றைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவே கண்ணாடியை நகர்த்தி அளந்து பார்த்தார். அவர் நினைத்திருந்ததைவிட இடைவெளி குறைவு. டெஸ்ட் அம்மாவுக்கு இருந்ததைவிடவும் ஒரு கண்ணி குறைவு. மிச்சமிருந்த ஆரஞ்சு நூலை எடுத்துத் தலையை ஆரம்பித்தார். கண் மாட்டும் இடம் வந்ததும் கை தயங்கியது. கோபம் வேண்டுமே? யார்மேல் கோபப்படுவது? இழுப்பறையைத் திறந்து மான், அணில், முயல் மூன்றையும் மேஜைமேல் வரிசையாக வைத்துப் பார்த்தார். அந்த இமைகளையும், அந்தக் கூப்பிய கைகளையும் பார்க்கப் பார்க்கக் கோபம் தானாக வந்தது. டக், டக்.

மிச்சம் எளிதாக இருந்தது. ஓரக்கண் பார்வைக்காகக் கழுத்தைக் கொஞ்சம் சாய்த்துத் தைத்தார். வாலைத் தடிமனாகப் பின்னினார். எல்லாம் முடிந்த பிறகு கண்ணாடியை மறுபடி எடுத்து, உதட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அங்கே அதிக நேரம் வைத்திருந்தார். பிறகு நூல் பைக்குள் கைவிட்டு வெள்ளை நூலைத் தேடி எடுத்தார்.

டெஸ்ட் அம்மா தானாகவே வந்து சேர்ந்தார். வீக்கம் வற்றியதும் எல்லோரையும்போல மிச்ச வைத்தியத்துக்கு வராமல் இருந்துவிட்டார். பல் சும்மா விடுமா? வலது கன்னம் மறுபடி வீங்கி, மேலே மடித்த கைக்குட்டை. முன்னறையில் நாற்காலி நிறைய ஆள். அக்கா வில்லையோடு நரியையும் எடுத்து மேஜைமேல் வைத்தார்.

டெஸ்ட் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நரியைத் தூக்கி முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், வாலை இழுத்துப் பார்த்தார். கண்களுக்கு நடுவே விரல் வைத்து அளந்தார். தன் பையில் இருந்த வீங்கிய கன்னத்து நரியை வெளியே எடுத்துப் பக்கத்தில் வைத்து அதையும் அளந்தார்.

“என்னைவிட நெருக்கமா இருக்கு.”

“ஆமாங்க. அளந்துதான் வச்சேன்.”

டெஸ்ட் அம்மாவின் விரல் நரியின் வாயருகே போய் நின்றது. அங்கே, மூடிய உதட்டுக்கு வெளியே, வெள்ளை நூலில் ஒரே ஒரு பல். “இது எதுக்கு? உங்களுக்கு இப்படி ஒண்ணும் இல்லையே? நான் பார்க்கலையே?”

“நான் யாருக்கும் காட்டினதில்லைங்க” என்றார் அக்கா.

தூக்கலான புருவம் மெல்ல இறங்கியது. அந்தப் புருவம் இறங்கி அதுவரை யாரும் பார்த்ததில்லை. டெஸ்ட் அம்மா இரண்டு நரிகளையும் தலை மட்டும் வெளியே தெரியும்படி பைக்குள் உட்காரவைத்து, பாதி வரை ஜிப்பை இழுத்தார். “ஞாயித்துக்கிழமை நீங்க எங்க வீட்டுக்கு வாங்க. தேதி பேசணும்.”

அக்கா எழுந்து நின்றார், உட்கார்ந்தார். “நீங்க… உள்ள போங்கம்மா. இப்பவே போங்க. வலியோட எதுக்கு நிக்கிறீங்க?”

“அதெல்லாம் வேண்டாம். முறைப்படி வரட்டும்.” டெஸ்ட் அம்மா போய், காலியாக இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, வீங்கிய கன்னத்தில் கைக்குட்டையை வைத்துக்கொண்டார். “இந்தத் தடவை அழாதவங்க எத்தனை பேர் எனக்கு முன்னாடி போறாங்கன்னு எண்ணிகிட்டே இருப்பேன்.”

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மடியில் இருந்த நூல்பந்து உருண்டு டெஸ்ட் அம்மாவின் காலடி வரைக்கும் ஓடியது. இடது கை வழக்கம்போல வாயை நோக்கி எழும்பி, பாதி வழியில் நின்றது. பிறகு அப்படியே கீழே இறங்கிப் போய் நூலைப் பிடித்துக்கொண்டது.